கண்ணாடி விரியன் விஷமும் கணையத்து என்சைமும் ஒரே ஜாதியா?

பர்மாவில் பெகு பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அறுப்பு நேரத்தில் அவருடைய மாமாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பர்மியர் ம்வே ப்வே என்கிறார்களே, அதுதான். மருந்து ஏற்றி, பதினைந்து நாள் படுக்கையில் கிடந்து, ஆள் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சயா (டாக்டரையும் வாத்தியாரையும் இங்கே மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள்), "இந்த விஷத்தில் கொழுப்பை வெட்டுகிற என்சைம் ஒன்று இருக்கிறது, அதே ஜாதி என்சைம் உங்கள் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தம்பிக்குக் குழப்பம். சாப்பிட்டதைச் செரிக்க வைக்கிற சாமான் எப்படி ஆளைக் கொல்லும்? உண்மையிலேயே ஒன்றுதானா, உவமைக்குச் சொன்னாரா? அதன் அமைப்பு என்ன, வேலை என்ன?

தம்பி, சயா உவமைக்குச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்பம். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்ததையும் விரியன் பல்லிலிருந்து எடுத்ததையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எலும்புக்கூடு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பெயர் பாஸ்போலிபேஸ் ஏ2. நான் கீழ்ப் பர்மாவில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பல வருஷம் இரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களோடு மல்லுக்கட்டியவன், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கொழுப்பை வெட்டும் என்சைம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது கணையத்து லிபேஸ். அது கடலை எண்ணெய், நெய், பன்றிக் கொழுப்பு மாதிரியானவற்றை உடைப்பது. அதன் வேலை செய்யும் குழிக்கு மேல் ஒரு மூடி இருக்கும், எண்ணெய்த் துளியைத் தொட்டதும்தான் மூடி திறக்கும். ஏ2 வேறு ஆள். மூடி கிடையாது. அது எண்ணெயைத் தொடுவதில்லை. உயிரணுவின் தோலாக இருக்கிற பாஸ்போலிபிட் என்ற கொழுப்பைத்தான் வெட்டும். நம் உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் சுவர் அந்தக் கொழுப்புதான் என்பதை நினைத்துப் பார்த்தால், பாம்பு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தது என்று பாதி புரிந்துவிடும்.

பாஸ்போலிபிட்டின் உருவம் லேசானது. கிளிசரால் என்ற மூன்று கார்பன் முதுகு. அதில் இரண்டு கார்பன்களில் இரண்டு கொழுப்பு வால்கள் தொங்கும். மூன்றாவதில் பாஸ்பேட் உள்ள ஒரு தலை. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. ஆகவே கோடிக்கணக்கில் சேர்ந்தால் வாலோடு வால் வைத்து, தலைகளை வெளியே நீட்டி, இரண்டு அடுக்குச் சவ்வாக உட்கார்ந்துவிடும். ஏ2 என்ற பெயரில் உள்ள 2, நடுக் கார்பனைக் குறிக்கிறது. அங்கே தொங்கும் வாலை மட்டும் வெட்டும். ஏ1 என்றால் ஓரத்து வால். சி, டி என்று வேறு இரண்டு உண்டு, அவை தலைப் பக்கம் வெட்டுபவை.

ஒரு வால் போனால் என்ன ஆகும்? இரண்டு வாலோடு இருந்தபோது அந்த மூலக்கூறு உருளை மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுக்கலாம். ஒரு வால் போனதும் தலை பெருத்து அடி சிறுத்த கூம்பாகிவிடும். கூம்புகளை வைத்துச் சுவர் கட்ட முடியாது. மிஞ்சிய இந்த ஒற்றை வால் சாமானுக்கு லைசோலெசித்தின் என்று பெயர். லைசோ என்றால் கரைப்பது. அது செய்வது சோப்பின் வேலை.

மாணவனாக இருந்தபோது எங்கள் சயா ஒருவர் இதைக் கண்ணால் காட்டினார். கோழி முட்டையின் மஞ்சள் கருவை உப்புத் தண்ணீரில் கலக்கி இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினார். மஞ்சள் கருவில் லெசித்தின் நிறைய, அதுவும் ஒரு வகைப் பாஸ்போலிபிட். ஒன்றில் மட்டும் நீர்த்த விரியன் விஷம் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு இரண்டையும் கொதிக்கும் தண்ணீரில் இறக்கினார். விஷம் இல்லாத குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவித்த முட்டையாகக் கெட்டித்துவிட்டது. விஷம் பட்டது மஞ்சள் தண்ணீராகவே அசைந்துகொண்டிருந்தது. "பார், முட்டையை வேகவிடாமல் பண்ணிவிட்டது" என்று சிரித்தார். விஷத்தில் இந்த என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கே இது ஒரு பழைய முறை. கெட்டிப்படுவது எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு என்சைம்.

இனி அமைப்பு. வெளியே சுரக்கிற ஏ2 சின்னஞ்சிறு புரதம். சுமார் 120 அமினோ அமிலங்கள், எடை 14,000 டால்டன் சுற்றுவட்டாரம். மாட்டுக் கணையத்து ஏ2-வில் 123. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1981-இல் அதன் படிக அமைப்பை மிக நுணுக்கமாக வரைந்து காட்டினார்கள். இன்றைக்கும் எந்தப் பாம்பின் ஏ2-வாக இருந்தாலும் அதன் அமினோ அமிலங்களுக்கு எண் போடுவது அந்த மாட்டுக் கணக்கைப் பார்த்துத்தான். விரியன் புரதத்துக்கு மாடு வாத்தியார், எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

உள்ளே மூன்று நீளமான ஆல்பா சுருள்கள். இரண்டு சுருள்கள் எதிரெதிர்த் திசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அவை இரண்டுக்கும் இடையில்தான் வேலை நடக்கும் இடம். பக்கவாட்டில் சிறகு மாதிரி ஒரு பீட்டா மடிப்பு. இதையெல்லாம் சுற்றிலும் கந்தகத்தோடு கந்தகம் கோத்த டைசல்பைடு கட்டுகள், பெரும்பாலும் ஏழு. இவ்வளவு சின்ன உடம்புக்கு ஏழு கட்டு என்பது கயிறு போட்டு இறுக்கின நெல் மூட்டை மாதிரி. அதனால்தான் சாதாரண புரதம் சுருண்டு செத்துப்போகிற சூட்டிலும் இது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது.

வேலை நடக்கும் குழியில் மூன்று பேரை ஞாபகம் வைத்தால் போதும். 48-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின். 49-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம், அது ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டிருக்கும். 99-ஆம் இடத்தில் இன்னோர் அஸ்பார்டிக் அமிலம், அது ஹிஸ்டிடின் ஆடாமல் தாங்கும். வெட்டுவது இவர்கள் நேரடியாக அல்ல, தண்ணீர். ஹிஸ்டிடின் ஒரு தண்ணீர் மூலக்கூறிலிருந்து புரோட்டானை உருவிவிடும். புரோட்டான் போன தண்ணீருக்கு வெறி வந்துவிடும், நடு வால் ஒட்டியிருக்கிற எஸ்டர் பிணைப்பின் கார்பனைப் பாய்ந்து பிடிக்கும். அந்த நொடியில் ஓர் ஆக்சிஜன் மேல் எதிர்மின்னூட்டம் குவியும், நிலைகொள்ளாமல் தவிக்கும். கால்சியம் அதைச் சாந்தப்படுத்தும். ஹிஸ்டிடின் வாங்கின புரோட்டானைத் திருப்பிக் கொடுக்கும், பிணைப்பு அறுந்துவிடும். அவ்வளவுதான் கதை. கணையத்து லிபேஸ் இப்படிச் செய்வதில்லை. அதில் செரீன் என்ற அமினோ அமிலம் தானே போய் வாலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் வந்து விடுவிக்கும்.

கால்சியம் இல்லாவிட்டால் ஏ2 செத்த மாதிரி. இதை வைத்துத்தான் பாம்பு தன் விஷப்பையையே கரைத்துக்கொள்ளாமல் தப்பிக்கிறது. விஷத்தில் சிட்ரேட் நிறைய இருக்கும், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், பையும் சற்று அமிலமாக இருக்கும். பல் வழியாக நம் உடம்புக்குள் வந்ததும் சிட்ரேட் நீர்த்துப்போகும். நம் இரத்தத்தில் கால்சியத்துக்கு என்ன பஞ்சம்? என்சைம் முழித்துக்கொள்ளும். லேபில் நீல மூடிக் குழாய் பார்த்திருப்பீர்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்க நாம் போட்டிருப்பதும் சிட்ரேட்தான், அதே காரணத்துக்காக. இது போதாதென்று, பாம்பின் சொந்த இரத்தத்திலும் ஏ2-வைப் பிடித்து முடக்குகிற தடுப்புப் புரதங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் கணையம் வேறு வழி கண்டுபிடித்தது. அது ஏ2-வைச் சுரக்கும்போது முனையில் ஏழு அமினோ அமிலங்களைக் கூடுதலாக ஒட்டி, வாயைக் கட்டித்தான் அனுப்பும். சிறுகுடலுக்குப் போனதும் டிரிப்சின் அந்தத் துணுக்கை வெட்டிவிடும், அப்போதுதான் வேலை தொடங்கும். குடலில் அது செய்வது நல்ல காரியம். முட்டை, இறைச்சி, ஏன் பித்த நீரிலேயே இருக்கிற லெசித்தினை வெட்டி உறிஞ்ச வசதி செய்யும். அதில் வருகிற சோப்பு மாதிரிச் சாமான் மற்ற எண்ணெயையும் தண்ணீரோடு கலக்க உதவும். முட்டைக் குழாயில் பார்த்த அதே காரியம், மொகிங்காவில், அதாவது பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸில், போட்ட வாத்து முட்டை மேல் நடக்கிறது. கட்டு அவிழ வேண்டிய இடம் தவறி, கணையத்துக்குள்ளேயே இந்தச் செரிமான என்சைம்கள் விழித்துக்கொண்டால்? அதுதான் கணைய அழற்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள். பாம்பு கடிக்காமலே கடித்த மாதிரி.

தம்பியின் கேள்விக்கு உண்மையான விடை இருப்பது குழியில் இல்லை, என்சைமின் முகத்தில். ஏ2 தண்ணீரில் தனியாக மிதக்கிற பாஸ்போலிபிட்டைப் பார்த்தால் மெத்தனமாக வெட்டும். சவ்வாக அடுக்கின பரப்பு கிடைத்தால் வேகம் பல மடங்கு ஏறும். காரணம், குழியின் வாயைச் சுற்றி ஒரு தட்டையான முகம் இருக்கிறது, அது சவ்வின் மேல் பசை போல உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடத்தில் ஒரு பாஸ்போலிபிட் பாதி எழும்பி, என்சைமின் கொழுப்புப் பிரியமான வாய்க்காலுக்குள் ஏறும். வெட்டு விழும். என்சைம் சவ்வை விட்டு இறங்காமலே அடுத்ததற்குச் சறுக்கும். கையில் அரிவாளோடு வரப்பு ஏறாமலே வயல் முழுக்க அறுத்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி.

அப்படியானால் எந்தச் சவ்வில் உட்காரும் என்பதை அந்த முகம் தீர்மானிக்கிறது. நம் கண்ணீரில் ஏ2 இருக்கிறது, தெரியுமா? விரியனுடையது எந்தப் பிரிவோ அதே இரண்டாம் பிரிவு. அந்த என்சைமின் உடம்பெல்லாம் நேர்மின்னூட்டம். பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது, போய் ஒட்டிக்கொண்டு வெட்டித் தள்ளும், குறிப்பாகக் கிராம் பாசிட்டிவ் கிருமிகளை. நம் அணுக்களின் வெளி அடுக்கோ பெரும்பாலும் மின்னூட்டம் சமனான லெசித்தின். அதில் இந்தக் கண்ணீர் என்சைமுக்குப் பிடி கிடைக்காது. சமனான சவ்விலும் பிடிப்புக் கிடைக்க வேண்டுமென்றால் அந்த முகத்தில் டிரிப்டோபான் மாதிரிப் பருமனான அமினோ அமிலங்கள் வேண்டும். நாகத்தின் ஏ2-வுக்கு அது உண்டு, அதனால் நம் சவ்விலும் அது தாராளமாக உட்காரும். ஒரே கத்தரி, பிடிதான் வேறு.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நன்றாகக் கழுவின சிவப்பணுக்களை மட்டும் வைத்து விரியன் ஏ2-வைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அணுவின் வெளித்தோல் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதே குழாயில் கொஞ்சம் மஞ்சள் கருவை விட்டால் அணுக்கள் கரைந்து திரவம் பளிச்சென்று சிவந்துவிடும். என்சைம் முட்டையை வெட்டி லைசோலெசித்தின் செய்தது, அந்தச் சோப்பு சிவப்பணுவை உடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கூத்தை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் லைசோலெசித்தினைப் பிடித்தார்கள்.

இன்னொரு விசித்திரம். அமெரிக்கக் கண்டத்துக் குழி விரியன்கள் சிலவற்றில் 49-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் போய் லைசின் வந்து உட்கார்ந்திருக்கிறது. கால்சியம் ஒட்டாது, வெட்டவே வெட்டாது. ஆனாலும் தசையை நாசம் பண்ணும்! வெட்டாமலே சவ்வைக் குத்திக் குலைக்கும் வித்தை கற்றுக்கொண்டிருக்கிறது. பாம்புகள் இந்த ஒரே அச்சை வைத்துக்கொண்டு நரம்புக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, இரத்தம் உறைவதைத் தடுக்க ஒன்று என்று வார்த்துக்கொண்டே இருக்கின்றன. நம் ஊர் விரியனிலும் டபோயாடாக்சின் என்று ஒன்று உண்டு, இரண்டு ஏ2-க்கள் ஜோடியாக ஒட்டினது. 2007-இல் அதன் படிக அமைப்பும் வெளியாகிவிட்டது.

சரி, மாமாவுக்கு நடந்தது முழுக்க இந்த என்சைமின் வேலையா? இல்லை. கண்ணாடி விரியன் கடியில் முதலில் உயிரை வாங்கப் பார்ப்பது வேறு இரண்டு என்சைம்கள். இரத்தம் உறைய உதவுகிற 5-ஆம் காரணியையும் 10-ஆம் காரணியையும் அவை கண்டபடி தூண்டிவிடும். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக உறைந்து, சரக்கெல்லாம் தீர்ந்துபோய், பிறகு உறைய எதுவும் மிஞ்சாது. ஈறிலிருந்து, ஊசி குத்தின இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வரும். ஏ2 பக்கபலம்: தசை, இரத்த நாளச் சுவர், சிவப்பணு என்று சவ்வுகளைக் குலைக்கும். வெட்டின வாலும் சும்மா இருக்காது. நடு இடத்தில் தொங்குவது பல நேரம் அராகிடோனிக் அமிலம். உடம்பு அதை எடுத்து புரோஸ்டாகிளாண்டின் மாதிரி வீக்கச் சரக்காக மாற்றிவிடும். கடித்த கால் வெந்த பூசணிக்காய் மாதிரி வீங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. நம் அணுக்களுக்குள்ளேயே 85,000 டால்டன் எடையில் இன்னொரு பெரிய ஏ2 இருக்கிறது. அடிபட்டால், காய்ச்சல் வந்தால் அராகிடோனிக் அமிலத்தை எடுத்துக் கொடுப்பது அதுதான். ஆஸ்பிரின் தடுப்பது இதற்கு அடுத்த படியை. விரியன் கடிக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், இரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களையும் அது முடக்கும்.

உறைகிறதா இல்லையா என்று பார்க்க நாங்கள் செய்தது இருபது நிமிஷச் சோதனை. சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம். அசைக்காமல் 20 நிமிஷம். பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. இரத்தம் வழிந்தால் உறையவில்லை, மருந்து ஏற்று. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டும், பிளாஸ்டிக் உதவாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் புதுக் குழாய் தீர்ந்துபோய், சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த குழாயை எடுத்துவிட்டேன். இரத்தம் உறையவே இல்லை. கடித்தது தண்ணீர்ப் பாம்பு என்று கூட வந்தவர்கள் பாம்பையே தூக்கிக் காட்டுகிறார்கள், நானோ விரியன் என்கிறேன். பெரியவர் ஒருவர் வந்து குழாயை முகர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். என் இரத்தத்தையே எடுத்து அதே மாதிரிக் கழுவின குழாயில் ஊற்றினார். அதுவும் உறையவில்லை, குற்றம் குழாயில் ஒட்டின சோப்பில். அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பவில்லை.

விஷமுறிவு மருந்து ஏ2-வையும் சேர்த்தே பிடிக்கும். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அதன் இரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் புரதத்தை எடுத்துச் செய்வது. நம் விரியனும் இந்தியாவில் இருப்பதும் இன்று இரண்டு வேறு இனங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன, விஷமும் வேறுபடும். அதனால் இங்கத்திய விஷத்தை வைத்து இங்கே செய்த மருந்துதான் இங்கே பொருத்தம். இந்தியாவிலிருந்து யாராவது மருந்துக் குப்பி கொண்டுவந்து கொடுத்தால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஏ2-வை மட்டும் அடைக்கிற வரெஸ்பிளாடிப் என்ற மாத்திரை மருந்தையும் பாம்புக்கடிக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு மாரடைப்புக்காகவும் அதைச் சோதித்தார்கள், அங்கே தோற்றுப்போனது. அது வேறு கதை.

மூலிகை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மாமாவுக்கு ஈஸ்வரமூலி அரைத்துக் கொடுத்ததாகவும் தம்பி எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார் அதைச் சும்மா சொல்லவில்லை. ஈஸ்வரமூலியின் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது விரியன் ஏ2-வின் குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. டில்லியில் அந்தக் காட்சியைப் படிகமாகவே எடுத்திருக்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே அமிலம் சிறுநீரகத்தை அரித்துத் தின்னும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கொண்டுவரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போனது இதனால்தான். பர்மா விரியன் கடியில் பெரும்பாலும் கடைசியில் கைவிடுவது சிறுநீரகம். அந்த நேரத்தில் அதற்கே இன்னொரு அடி கொடுப்பது என்ன வைத்தியம்? மாமாவுக்குக் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மூலிகை கொடுத்தோம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் நாட்டுக் கடியில் அடிக்கடி பேசப்படுகிற ஒன்று. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி இரத்தம் கசிந்து, இரத்த ஓட்டம் நின்று செத்துப்போவது. பிரசவத்தில் அதிக இரத்தம் போன பெண்களுக்கு வருவது மாதிரியான நிலை. 1987-இல் பர்மாவின் விரியன் கடி நோயாளிகளை வைத்து லான்செட் இதழில் இதை விவரமாக எழுதினார்கள். கடித்தபோதே தெரியலாம், மாதங்கள், வருஷங்கள் கழித்தும் தெரியலாம். ஆள் எப்போதும் சோர்ந்து கிடப்பார், குளிர் தாங்காது, எழுந்தால் தலை சுற்றும், உடம்பு முடி உதிரும். வீட்டில் "கடிபட்ட பயம் இன்னும் போகலை" என்று விட்டுவிடுவார்கள். ஹார்மோன் மாத்திரை போட்டால் ஆள் தேறிவிடுவார், அதனால் ரங்கூன் வந்து ஒரு தடவை கார்ட்டிசோலும் தைராய்டும் பார்ப்பது நல்லது. அதற்கு முன்னால் வீட்டிலேயே மாமாவிடம் ஒன்று கேளுங்கள், தம்பி: கடிபடுவதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை தடவை சவரம் செய்வார், இப்போது எத்தனை தடவை?